பிள்ளையின் பாலைப் பறிப்பது யார்?

நாகரசம்பட்டிப் பக்கத்துப் பெண் விடியுமுன் வேன் ஏறி ஆலைக்குப் போகிறாள். இருட்டிய பிறகே வீடு திரும்புகிறாள். கைப்பிள்ளை பாட்டியிடம் கிடக்கிறது. பாட்டி பசும்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கிறாள். சில பிள்ளைகளுக்கு அது ஆவதில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், எடையும் ஏறுவதில்லை.

“கண் பட்டுவிட்டது” என்று மந்திரிக்க ஓடுகிறார்கள். தோழர்களே, இது கண்ணேறும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல! பசும்பாலில் உள்ள புரதத்தை அந்தப் பிள்ளையின் உடம்பு பகையென்று எண்ணி எதிர்க்கிறது. இதற்குப் பால் ஒவ்வாமை என்று பெயர். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் இதற்கு மாற்றாகா; அவற்றின் புரதமும் ஏறக்குறைய அதே இனம்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வருஷங்களில் இது நீங்கிவிடும்.

அதுவரை என்ன கொடுப்பது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதிலும் கோளாறு தெரிந்தால், டாக்டர் சொற்படி தாய் பாலையும் தயிரையும் மோரையும் நிறுத்த வேண்டும். ஆறு மாதத்திற்குப் பின் தாய்ப்பாலோடு, பால் சேராத கேழ்வரகுக் கூழும் பருப்பும் கீரையும் கொடுக்கலாம். எடைக்கு எடை பார்த்தால் பாலைவிடக் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்குப் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த விசேஷ பால் மாவு வேண்டும். அந்த டின் ஒன்று கூலிக்காரியின் பல நாள் கூலியை விழுங்கும். சில நாளில் தீர்ந்தும் போகும். இன்னும் இரண்டு நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை மெலியும்.

கம்பெனிகளின் கதை வேறு. இங்கிலாந்தில் 2006-க்கும் 2016-க்கும் இடையில் இந்த விசேஷ மாவுக்கான மருந்துச் சீட்டுகள் ஏறத்தாழ ஆறு மடங்காயின. நோய் அப்படிப் பெருகியதற்குச் சான்றில்லை என்றும், நோயறியும் விதிகளை வகுத்த நிபுணர் பலருக்குக் கம்பெனிகளுடன் பணத்தொடர்பு இருந்தது என்றும் 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அம்பலப்படுத்திற்று. நோயில்லாத பிள்ளையின் வீட்டில் பயத்தை விற்கிறார்கள். நோயுள்ள ஏழைப் பிள்ளைக்கோ டின் எட்டாக்கனி!

நம் நாட்டில் பால் மாவு விளம்பரத்தை 1992-ன் சட்டம் தடுக்கிறது. ஆனால் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் ஆலைச் சங்கைத் தடுப்பது யார்? 1961-ன் மகப்பேறு சட்டம் பாலூட்ட வேலைநேரத்தில் இரு இடைவேளை தந்தது. 2017-ன் திருத்தம் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் தந்தது. இவற்றையே சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. காகிதத்தில் உள்ள காப்பகம் ஆலைக்குள் எங்கே? பிள்ளையோ பல மைல் தள்ளியிருக்க, இடைவேளையில் யாருக்குப் பாலூட்டுவது? வயலில் களையெடுக்கும் தாய்க்கு அந்தக் காகிதம்கூட இல்லையே!

ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வோர் ஆலையிலும் காப்பகம் திற! விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் ஆறு மாதம் கூலியோடு விடுப்புக் கொடு! டாக்டர் உறுதி செய்த பிள்ளைக்கு விசேஷ மாவை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடு!

ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் சங்கம் இதைப் பேசட்டும். நம் பிள்ளையின் பால், முதலாளியின் லாபக் கணக்கில் கழிவதை இனியும் பொறுக்கமாட்டோம்!