விடுமுறைக்குப் போகிறோமா, இன்னொரு வேலைக்குப் போகிறோமா?



தைப்பொங்கல் முடிந்த கையோடு இங்கே தொலைக்காட்சியில் விடுமுறை விளம்பரங்கள் ஆரம்பித்துவிடும். வெளியே நான்கரை மணிக்கே இருட்டு, மழை, குளிர். திரையிலோ நீலக் கடல், வெள்ளை மணல், சிரித்த முகங்கள். கிரேக்கத் தீவுகள், மல்லோர்க்கா, சைப்பிரஸ், மால்டா என்று பெயர்கள் ஓடும். எங்கள் பிள்ளைகளும் "அம்மா, இந்த வருசம் நாங்களும் போவமா?" என்று கேட்பார்கள். நாங்களும் மலிவான விலை எது என்று பார்த்துப் பதிவு செய்துவிடுவோம்.

விலையைப் பார்ப்பதில் பிழை இல்லை. ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்த இடத்தில் இரவு நித்திரை கொள்ள முடியுமா? சுகாதாரப் பக்கத்தில் சுற்றுலா எதற்கு என்று நீங்கள் யோசிக்கக்கூடும். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் கடை நடத்துபவர். வாரத்தில் ஏழு நாளும் காலை ஐந்தரைக்கு எழும்பி, இரவு பத்துக்குக் கதவு பூட்டுகிறவர். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. 2023 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவருக்குப் பிரசர் கூடி, குடும்ப வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்தார். கூடவே, "ஒரு கிழமையாவது கடையை மறந்து ஓய்வெடுங்கள்" என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் விடுமுறை அது. பாடசாலை விடுமுறையோடு சேர்த்து, ஓகஸ்ட் மாதத்தில், கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு தீவு ஹோட்டலைப் பதிவு செய்தோம். எந்தத் தீவு, எந்த ஹோட்டல் என்பது இங்கே முக்கியமில்லை.

எங்கள் அறை நீச்சல் தடாகத்துக்கு மேலே. தடாகத்தின் பக்கத்திலே மதுச்சாலை. இரவு பன்னிரண்டு மணி வரை ஒலிபெருக்கி. அது ஓய்ந்ததும் பின்வீதியிலுள்ள நடனசாலைகள் தொடங்கும். விடிய நாலு மணிக்கு வெறியோடு வீடு திரும்புகிறவர்களின் கூச்சல். ஐந்து மணிக்குக் குப்பை லொறி, போத்தல்கள் நொருங்கும் சத்தம். மூன்றாம் நாள் விடிய என் கணவர் கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, "இஞ்சை பாரும், இதுக்குக் கடையிலேயே நிண்டிருக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த கிழமை பிரசர் பார்த்தபோது, போகுமுன் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு. விடுமுறையில் அமைதி என்பது பணக்காரரின் சொகுசு இல்லை. எங்களைப் போல மாறி மாறி இரவும் பகலும் உழைக்கும் குடும்பங்களுக்கு அது மருந்து. மருந்தை நாம் விலையை மட்டும் பார்த்தா வாங்குகிறோம்?

சத்தம் உடலுக்கு என்ன செய்கிறது?

"எனக்குச் சத்தம் பழகிவிட்டது, நித்திரை வரும்" என்று பலர் சொல்வார்கள். காது பழகினாலும் உடம்பு பழகுவதில்லை. நித்திரையில் சத்தம் கேட்கும்போது நாம் விழிக்காவிட்டாலும் இதயத்துடிப்பு கூடும். அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் எழும். குருதி அழுத்தம் ஏறும். உலக சுகாதார அமைப்பு 2009 இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தத்தின் ஆண்டுச் சராசரி 40 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. அமைதியான நூலகத்தில் இருக்கும் அளவு அது. நடனசாலைக்குள் சத்தம் 100 டெசிபெலைத் தொடும். ஒரு கிழமைச் சத்தம் நோயைக் கொண்டுவராது என்பது உண்மைதான். ஆனால் ஓய்வு தேவை என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய ஒருவருக்கு, அந்த ஒரு கிழமையும் போனால் அடுத்தது எப்போது?

தென்னாசியரான எங்களுக்குச் சீனி வியாதியும் இதய நோயும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவும் இளம் வயதிலும் வருகின்றன. ஆனால் எங்கள் விடுமுறைகளைப் பாருங்கள். பாரிசில் கலியாணம், கனடாவில் சாமத்தியச் சடங்கு, ஊருக்குப் போனால் ஒரு நாளில் ஐந்து வீடு. அவையெல்லாம் வேண்டியவைதான், உறவு இல்லாமல் வாழ்வு இல்லை. ஆனால் அவற்றை ஓய்வு என்று கணக்கில் எழுதிவிடக்கூடாது.

ஒரே தீவுக்கு இரண்டு முகம்

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் சத்தமான மூலையும் உண்டு, அமைதியான மூலையும் உண்டு. சைப்பிரஸில் ஐயா நாப்பா இரவுக் கேளிக்கைக்குப் பெயர்போனது. அதே தீவின் வடமேற்கில் போலிஸ், லாச்சி பக்கம் அமைதியானது. கிரீட்டில் மாலியா இளைஞர் கூட்டத்துக்கு உரியது. தெற்குக் கரையில் பிளாக்கியாஸ், பலையோக்கோரா ஆறுதலான ஊர்கள். மல்லோர்க்காவில் மகலூப் ஒரு பக்கம், போர்ட் டி பொயென்சா மறுபக்கம். பக்கத்துத் தீவான மெனோர்க்கா 1993 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். பெரிய இரவுக் கேளிக்கை நகரம் அங்கே இல்லை. 'மல்லோர்க்காவுக்குப் போகிறோம்' என்பது போதாது. எந்த ஊர், எந்தத் தெரு என்பதே கேள்வி.

அந்தத் தீவுகளின் மக்களே இதை உணர்ந்துவிட்டார்கள். 2020 இல் பலேரிக் தீவுகளின் அரசு, மகலூப் உள்ளிட்ட சில கேளிக்கைப் பகுதிகளில், எல்லாம் அடங்கிய கட்டணத்தில் தங்குவோருக்கு ஒரு நாளைக்கு ஆறு மதுபானங்களுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. கிரேக்கத்தில் கோடைகாலத்தில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை பொது அமைதி நேரம் என்ற விதி உண்டு. ஊரிலே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் பாய் விரித்துக் கண்ணயர்ந்த எங்களுக்கு இது புதிதா?

அமைதி வேறு, ஒதுக்குப்புறம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. அமைதி வேண்டும் என்று கண்காணாத இடத்துக்கும் போய்விடக்கூடாது. கிரீட்டின் தெற்கில் லூத்ரோ என்று ஓர் அழகான கிராமம் இருக்கிறது. அதற்கு வீதியே இல்லை. படகில் அல்லது கால்நடையாகத்தான் போகலாம். இளம் சோடிகளுக்குச் சொர்க்கம். நெஞ்சுவலி வந்துபோன மாமாவை அங்கே கூட்டிப் போகலாமா?

வெயிலையும் மறக்கக்கூடாது. தொலைக்காட்சியில் ஆரோக்கியம் பற்றிப் பேசிப் பிரபலமான வைத்தியர் மைக்கல் மொஸ்லி, 2024 யூன் மாதம் கிரேக்கத்தின் சிமி என்ற சிறு தீவில் கடும் வெப்பத்தில் தனியாக நடந்து புறப்பட்டவர், உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு வயது 67. 'நாங்கள் வெயிலில் பிறந்தவர்கள்' என்ற எண்ணம் எங்களுக்கு உண்டு. இருபது, முப்பது வருடம் குளிரில் வாழ்ந்த உடம்பு அதை மறந்துவிட்டது. பிரசருக்காகச் சிறுநீர் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு உடம்பின் நீர் இன்னும் விரைவாக வற்றும். நீண்டகாலச் சீனி வியாதியால் பாதம் விறைத்தவர்கள் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தால், கால் வெந்துபோவதுகூடத் தெரியாது. இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். கடற்கரை வெயிலில் வைக்கக்கூடாது.

ஆகவே நான் தேடச் சொல்வது, இரவில் அடங்குகிற, ஆனால் வைத்தியசாலைக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம்.

பதிவு செய்யுமுன் கேளுங்கள்

ஒன்று: வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, மதுச்சாலைத் தெரு எவ்வளவு தூரம் என்று அளவுங்கள். விமானப் பாதையையும் பாருங்கள். கோர்பு தீவில் கனோனி என்ற இடம் கண்ணுக்கு அழகு. விமானங்கள் தலைக்கு மேலால் இறங்கும்.

இரண்டு: ஹோட்டலுக்கு நேரடியாக எழுதி, இசை நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். தடாகத்துக்கும் லிப்டுக்கும் தள்ளிய அறை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

மூன்று: குளிரூட்டி கட்டணத்துக்குள் அடங்குமா? சில இடங்களில் அதற்குத் தனிப்பணம். அது இல்லாவிட்டால் யன்னலைத் திறக்க வேண்டும். யன்னலைத் திறந்தால் சத்தம்.

நான்கு: எத்தனை படி? தீவுக் கிராமங்கள் பல மலைச்சரிவில் இருப்பவை. முழங்கால் வலிக்கும் அம்மம்மா கடலைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே இருக்க நேரிடும்.

ஐந்து: பிரித்தானியாவில் வாழ்பவர்கள் ஜி.எச்.ஐ.சி. அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அது இலவசம். அதைக் காட்டினால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அரச வைத்தியசாலைகளில், அந்நாட்டு மக்களைப் போலவே அவசிய சிகிச்சை பெறலாம். ஊரிலிருந்து வந்து நிற்கும் பெற்றோருக்கு அந்த அட்டை கிடையாது. ஆகவே பயணக் காப்புறுதியும் வேண்டும். அதில் சீனி, பிரசர் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் காசு வராது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இலக்கம் 112.

"பிள்ளைகளுக்கு அலுக்குமே?"

இதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு கிழமை அமைதியில் இருத்துவது இலகுவான காரியம் இல்லை. ஆனால் அமைதியான ஊர் என்றால் ஒன்றுமே இல்லாத ஊர் என்று அர்த்தம் இல்லை. நீந்தலாம், சிறு படகு ஓட்டலாம், நீருக்குள் மீன் பார்க்கலாம். அதைவிட, தகப்பனோடு இருந்து சாப்பிடலாம். கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது செலவு. ஓகஸ்டில் எல்லாம் விலை; எல்லாம் கூட்டம்; வெயிலும் உச்சம். முடிந்தால் மே மாத இடைவிடுமுறையைப் பாருங்கள். ஒக்டோபர் இடைவிடுமுறையில்கூட சைப்பிரஸ் கடல் நீந்தக்கூடிய சூட்டோடு இருக்கும். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்ட குடும்பங்களுக்குச் செப்டெம்பர் இருக்கிறது.

மூன்றாவது சாப்பாடு. சமையலறை உள்ள வீடு எடுத்தால் சோறு கறிக்குக் குறைவில்லை. சைப்பிரஸிலும் மால்டாவிலும் மின்சாரப் பிளக் பிரித்தானியாவில் உள்ளதுபோல மூன்று கால் உள்ளதே. ரைஸ் குக்கர் கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய செய்தி! ஆங்கிலமும் அங்கே செல்லுபடியாகும்.

நாங்கள் அடுத்த வருடம், 2024 மே மாதத்தில், மால்டாவுக்குப் பக்கத்திலுள்ள கோசோ தீவுக்குப் போனோம். மால்டாவிலிருந்து கப்பலில் ஏறக்குறைய 25 நிமிடம். 14 கிலோமீற்றர் நீளமான சிறு தீவு. நடுவிலே விக்டோரியா நகரம், அங்கேயே வைத்தியசாலை. கிராமத்தில் ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்தோம். முன்கூட்டியே வீட்டுக்காரியிடம் ஒன்று கேட்டு வைத்தேன்: "உங்கள் ஊர்த் திருவிழா எப்போது?" கோசோவில் கோடைகாலத்தில் ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்துக்கும் திருவிழா வரும், எங்கள் ஊர்த் திருவிழா போலவே விடியவே வெடி தொடங்கிவிடும். அது பார்க்க வேண்டிய காட்சிதான், நித்திரைக்கு உரியது இல்லை. அந்தக் கிழமை எங்கள் கிராமத்தில் திருவிழா இல்லை.

முதல் இரண்டு நாளும் என் கணவர் ஐந்தரைக்கே எழும்பி, என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நடந்தார். கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டபின் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர், மாலை தேவாலய மணி கேட்டுத்தான் எழும்பினார். சின்னவன் வந்து, "அப்பா பகலில நித்திரை கொள்ளுறதை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கிழமை ஓய்வு பிரசரை மாற்றிவிடாது. குளிசை இன்றும் எடுக்கிறார், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வந்ததும் அவராகவே ஞாயிறு பின்னேரங்களில் கடையைப் பூட்டத் தொடங்கினார். அதுதான் அந்த விடுமுறையில் நாங்கள் கண்ட உண்மையான பலன்.

இந்த வருடம் விளம்பரத்தைப் பார்க்கும்போது நீலக் கடலை மட்டும் பார்க்காதீர்கள். கட்டிலில் படுத்தால் என்ன கேட்கும் என்றும் ஒருமுறை யோசியுங்கள். நீங்கள் போய்வந்த அமைதியான இடங்கள் இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற அங்கத்தவர்களுக்கும் உதவும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.