தலைமையும் கிளையும்

பெருந்தொழிலில் முடிவுகள் அனைத்தும் தலைமையிடத்தே இருத்தல் வேண்டுமா, கிளைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுதல் வேண்டுமா என்னும் வினாவிற்கு மின்சாரத் தொழில் நல்லதொரு விடை தருகிறது.

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைத்தல் அரிது. ஆதலின் அதன் ஆக்கமும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் ஒத்திருத்தல் வேண்டும். 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியா இருளில் ஆழ்ந்தது. மாநிலங்கள் சில தம் பங்கிற்கு மேல் மின்சாரம் எடுத்தமை அதன் காரணங்களுள் ஒன்றாகும். எனவே, எந்நிலையம் எவ்வளவு ஆக்குவது, யார் எவ்வளவு பெறுவது என்பவற்றை ஓரிடத்திலிருந்தே முறைப்படுத்துதல் இன்றியமையாதது.

ஆயின், புயற்காற்றில் தென்னூர்த் தெருவொன்றில் மின்கம்பி அறுந்து வீழ்ந்தால், சென்னையின் ஆணைக்குக் காத்திருத்தல் அறிவுடைமையாகுமோ? அக்கம்பி எந்த மின்மாற்றியைச் சார்ந்தது என்பதை அப்பகுதிப் பொறியாளரே நன்கறிவார். மின்னோட்டத்தை உடனே நிறுத்தும் உரிமை அவரிடம் இல்லையேல் உயிர்க்கேடு நேரும்.

கிளைகளுக்கு உரிமை அளிப்பின் ஊருக்கொரு முறை தோன்றிச் சீர்கெடும் என்பர் சிலர். மின்கட்டணத்தைப் பொறுத்தமட்டில் அஃது உண்மையே. அத்தகைய பொதுவிதிகளைத் தலைமை வகுத்தல் வேண்டும். அவ்விதிகளுக்குட்பட்டுச் செயலாற்றும் உரிமையும், செய்ததற்கு விடையிறுக்கும் பொறுப்பும் கிளைக்கு வேண்டும். ஒரு முடிவின் விளைவு எவ்வளவு தொலைவு பரவுமோ, அவ்வளவு உயரத்தில் அம்முடிவு எடுக்கப்படுதலே முறையாகும்.