குப்பை வண்டியும் குடிமைப் பண்பும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த இரு நகரங்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். முன்னது பதினொரு நிலைக் கோபுரத்தாலும் ஆண்டாள் அருளிய தமிழாலும் புகழ் பெற்றது. பின்னது பஞ்சாலைகளால் வளம் பெற்றது. இந்நகரங்களில் பொழுது புலருமுன் தொழிலுக்குப் புறப்படுவோர் பலர். அவர்களுள் குப்பை வண்டி ஓட்டுநரும், அவருடன் செல்லும் தூய்மைப் பணியாளரும் முன் வைத்து எண்ணத்தக்கவர் என்பது என் கருத்து.

மாணவர்களே! படியாத பிள்ளையைக் கடியும் பெரியோர், “நீ குப்பை அள்ளத்தான் போவாய்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் பிள்ளையைத் திருத்துவதில்லை. நாள்தோறும் நம் வாயிலுக்கு வந்து நம் அழுக்கை அகற்றுவோரை இகழ்வதொன்றே அது செய்வது.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரள்வர். தேர் நிலைக்கு வந்தபின் மக்கள் வீடு திரும்புவர். எச்சில் இலையும், தாள் குவளையும், நெகிழிப் பையும் வீதியில் கிடக்கும். அப்போது அவ்வீதியில் மற்றொரு வண்டி வரும். அதற்கு வடம் பிடிப்பாரும் இல்லை, வணங்குவாரும் இல்லை. எனினும் அது வாராதொழியின் மறுநாள் அவ்வீதியில் நடத்தல் இயலுமோ?

இத்தொழிலுக்கு அறிவு வேண்டா என்பாரும் உளர். அது பொருந்தாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 20 வயது நிரம்பாதவர் போக்குவரத்து வாகனம் ஓட்டலாகாது. புதிதாகப் பணியேற்கும் இளைஞன் உரிமம் பெற்றால் மட்டும் போதாது. குறுகிய சந்தில், விளையாடும் குழந்தைக்கும் நிறுத்திய மிதிவண்டிக்கும் இடையே, வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தப் பழக வேண்டும். உடன் பணிபுரிவோர் விலகி நின்றதை உறுதிசெய்த பின்னரே பொறியை இயக்க வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கலவாமல் காக்க வேண்டும்; உடைந்த கண்ணாடி, மருந்தூசி, பழைய மின்கலம் ஆகியவற்றின் தீங்கையும் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றைப் பிரித்துக் கொடுக்கும் கடமை வீட்டாருடையது. நடுவண் அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் இதனைத் தெளிவாக விதித்தன. பிரித்த காய்கறிக் கழிவு உரமாகிப் பயிருக்குச் செல்லும். கலந்த குப்பையோ கிடங்கில் மலையாகக் குவியும்; காற்றுப் புகாத அதன் உட்புறத்தில் எரிவளி உண்டாகும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்ததை நாடறியும்.

“கூலி கொடுக்கிறோமே, மதிப்பும் வேண்டுமோ?” எனச் சிலர் வினவலாம். இதற்கு விடையை அமெரிக்க நாட்டு வரலாறு தருகிறது. 1968ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள், மெம்பிஸ் நகரில் மழைக்குக் குப்பை வண்டியினுள் ஒதுங்கிய பணியாளர் இருவர், அதன் அழுத்துபொறியில் நசுங்கி மாண்டனர். ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தி வீதியில் இறங்கினர். அவர்கள் ஏந்திய அட்டைகளில் “நான் ஒரு மனிதன்” என்றே எழுதியிருந்தது. கூலி உயர்வும் அவர்கள் கேட்டதே. ஆயினும் அட்டையில் எழுதத் தேர்ந்தது மனிதன் என்னும் சொல்லை. அவர்களுக்குத் துணை நின்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்பிரல் 4ஆம் நாள் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் நாட்டில் இத்தொழில் நெடுங்காலம் பிறப்பினால் சிலர்மேல் சுமத்தப்பட்டது. அதுவே இதன்மேல் படிந்த உண்மையான அழுக்கு. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் ‘துப்புரவுப் பணியாளர்’ என்னும் பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றப்பட்டது. நற்பெயர் நன்றே, எனினும் பெயர் கையுறையாகாது, காலணியாகாது, நிலையான ஊதியமும் ஆகாது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் புண் கட்டும் மருத்துவத் துணி நெய்கின்றனர். புண்ணுக்குத் துணி நெய்யும் மண்ணிலேயே, நாம் பொதியாது எறிந்த கண்ணாடித் துண்டு ஒருவர் கையைக் கிழிக்கலாமோ?

பஞ்சாலையில் சேரும் இளைஞனுக்குப் பயிற்சி உண்டு. தொழிலாளி என்ற மதிப்பும் உண்டு. அவை இரண்டும் குப்பை வண்டியில் ஏறும் இளைஞனுக்கும் வேண்டும். குலத்தால் தள்ளப்பட்டு ஒருவன் இப்பணிக்கு வருவானாயின் அது நமக்கு இழுக்கு. எக்குலத்தானும் விரும்பி வருவானாயின் அது நமக்குப் பெருமை.

ஆதலின் மாணவர்களே! நாளைக் காலை வண்டி வரும்போது, பிரித்த குப்பையை நீங்களே எடுத்துச் சென்று கொடுங்கள். கண்ணாடித் துண்டைத் தாளில் பொதிந்து தனியே தாருங்கள். வயதில் மூத்தவரை ‘ஐயா’ என்றும் ‘அம்மா’ என்றும் அழையுங்கள். பெண் கேட்டுச் சென்ற வீட்டில், “நான் குப்பை வண்டி ஓட்டுகிறேன்” என்று ஓர் இளைஞன் தலைநிமிர்ந்து சொல்லவும், அவ்வீட்டார் அதனை முகமலர்ந்து கேட்கவும் வேண்டும். அன்றுதான் நம் ஊர் தூய்மையடைந்தது எனலாம்.