எச்சரிக்கையைக் கோட்டை விட்டது யார், கம்பி எண்ணியது யார்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று நட்சத்திர ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஏப்ரல் 4-ம் தேதியே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை கொடுத்துவிட்டது. தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்ற விவரமும் அதில் இருந்தது. அதற்கும் முன்பே, தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிமைப் பற்றி காத்தான்குடி முஸ்லிம்களே போலீசில் புகார் சொல்லியிருந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, குண்டு வெடித்த பிறகு அரசு என்ன செய்தது? 1979-ல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 1982-ல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. நீதிமன்றத்தில் நிறுத்தாமலே 18 மாதம் வரை காவலில் வைக்கலாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகிவிடும். அதுதான் அந்தச் சட்டம்.

அதில் சிக்கியவர்களில் ஒருவர் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம். அவருடைய தமிழ்க் கவிதைப் புத்தகம் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி 2020 மே மாதம் பிடித்தார்கள். ஜாமீன் கிடைக்க 19 மாதம் ஆனது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா ஜாமீனுக்காக 22 மாதம் காத்திருந்தார்.

வெளிநாடுகளில் இலங்கையின் பெயர் கெட்டது இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை மனித உரிமை நிபந்தனைகளோடு வருவது. 2010-ல் அதைப் பறிகொடுத்த இலங்கை, 2017-ல்தான் திரும்பப் பெற்றது. 2021 ஜூனில், அதைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றிப் பரிசீலிக்கச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. சலுகை போனால் முதல் அடி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குத்தான்.

‘மேற்கு நாடுகள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்’ என்பார்கள் ஆட்சியாளர்கள். பாதுகாப்பு முக்கியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 40 வருடமாக அந்தக் கடுமையான சட்டம் கையில் இருந்தும் தாக்குதல் நடந்ததே! குறை சட்டத்தில் இல்லை, கடமையில் இருந்தது. இதைச் சொன்னது ஜெனீவா அல்ல, இலங்கை உச்ச நீதிமன்றம். எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அது தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகளும் தப்பவில்லை. நாட்டின் மானத்தை ஓரளவாவது காப்பாற்றியது அந்தத் தீர்ப்புதான்.

2022-ல் வந்த திருத்தம் காவல் காலத்தை 12 மாதமாகக் குறைத்தது. வாக்குமூல விதியில் கை வைக்கவில்லை. பெயரை மாற்றிப் புதுச் சட்டம் எழுதினாலும், அந்த விதி உள்ளே இருக்கும்வரை வெளிநாட்டில் யாரும் நம்பப்போவதில்லை.

உள்நாட்டு நம்பிக்கை அதைவிட முக்கியம். அடுத்த சஹ்ரான் ஒருவன் கிளம்பினால், முதலில் கண்டுபிடிக்கப்போவது அவன் ஊர்க்காரர்கள்தான். அவர்களையே சந்தேகக் கண்ணோடு பார்த்து உள்ளே தள்ளினால், போலீஸ் நிலையத்துக்குப் போய் யார் வாய் திறப்பார்கள்?