பொருத்து வீட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமா?

பொருத்து வீடு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது, நல்லாட்சிக் காலத்தில் வடக்கு கிழக்குக்கென்று கொண்டுவரப் பார்த்த 65,000 இரும்பு வீடுகள்தான். ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். சனம் அதோட கடனும் பட்டுக் கல்வீடு கட்டினது. அந்தச் சண்டையை நாங்கள் திரும்பத் தொடங்கேல்ல. ஆனால் பொருத்து வீட்டுக்காகப் பேசுற நண்பர்கள் இப்பவும் ஒன்று சொல்லுவினம்: "கல்வீட்டை விட்டிட்டுத்தான் ஓடவேணும். இதெண்டா கழற்றிக்கொண்டு போகலாம்."

இது சும்மா கதையில்லை. கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள்.

ஆனால் பழைய பொருத்து வீடு உண்மையிலேயே இடம் மாறுமா? பிரிட்டனைப் பாருங்கோ. இரண்டாம் உலகப்போரில் வீடிழந்தவர்களுக்காக அங்கே ஒன்றரை இலட்சத்துக்கும் கூடுதலான தற்காலிக வீடுகள் போட்டார்கள், பத்துப் பதினைந்து வருசம் தாங்கினால் போதுமென்று. அதில் ஒரு வகை அலுமினியம். விமானம் செய்த தொழிற்சாலைகளில் செய்து, குசினி, குளியலறை எல்லாம் பூட்டினபடி, நாலு துண்டாக லொறியில் வந்து இறங்கியது. இதைவிடத் தூக்க வசதியான வீடு எங்கே இருக்கு? 1948இல் கார்டிஃபில் போட்ட அப்படியொரு வீடு இப்போது சென் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அருங்காட்சியகத்துக்கு அது பெறுமதிதான். அதுக்குள்ள ஆரும் படுத்தெழும்பத் தேவையில்லையே.

குடியிருக்கப் போற குடும்பத்துக்குக் கணக்கு வேற. அத்திவாரம், கிணறு, மலசலகூடக் குழி, கரண்ட் இணைப்பு எதுவும் லொறியில் ஏறாது. புதுக் காணியில் எல்லாம் முதலிலிருந்து. துருப்பிடித்த போல்ட் கழற்றேக்கை முறியும், நெளிந்த தகட்டுக்கு அதே அளவில் மாற்றுத் தகடு கிடையாது. அந்தக் காலத்து வேறு வகை வீடுகளில் அஸ்பெஸ்டஸ் கூரைகளும் இருந்தன. அதை உடைச்சுக் கழற்றினால் தூசி போறது நுரையீரலுக்கு.

அதனால் எங்கட முடிவு: முழு வீட்டைத் தூக்கிறது வீண் செலவு. இன்னொன்று, கழற்றலாம் என்பதை வீட்டின் நல்ல குணமாகச் சொல்லுறவை, நாங்கள் திரும்பவும் எழும்பவேண்டி வருமெண்டதையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ளுகினம். எங்களுக்கு அது ஏலாது. காணியை உறுதியோட தரட்டும். பழைய வீட்டில் துருவேறாத சட்டம், கதவு, யன்னல், நல்ல தகரம் இருந்தால் அவற்றை மட்டும் கழற்றிக் கல்வீட்டில் பூட்டலாம். மிச்சம் பழைய இரும்புக்காரருக்கு.