பாசிக்கு முதல் மருந்து வடிகால்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் பகுதி நஞ்சைகளில், நட்ட சில நாட்களில் பச்சைப் பாசி படர்வதுண்டு. வெயிலில் காற்றுக் குமிழ் கோத்து மேலெழும் பாசி, வேர் பிடிக்காத நாற்றையும் கிளப்பிவிடும். கண்டவுடன் மயில்துத்தம் தேடி ஓடுவது சரியல்ல.

தேங்கிய நீர், வெயில், நீரின்மேல் தூவிய சூப்பர் பாஸ்பேட் ஆகியவையே பாசியைப் பெருக்குகின்றன. மணிச்சத்தை அடியுரமாகக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். பாசி கண்டால் நீரை வடித்து, இரண்டு மூன்று நாள் சேறு வெடிக்காமல் ஈரமாக வைத்தால் போதும். முறைப்பாசனத்தில் வடித்த நீர் மீண்டும் கிடைக்குமா என்ற அச்சம் நியாயமே. அங்கே வடிக்க வேண்டாம். அடுத்த முறை நெருங்கும்வரை உள்ள நீரைச் சுண்டவிட்டாலே பாசி அடங்கும். யூரியா இட்டவுடன் மட்டும் வடிக்கக் கூடாது.

எல்லாப் பாசியும் பகையல்ல. நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தை நெல் வயலில் சேர்ப்பதை பி.கே.டே என்ற விஞ்ஞானி 1939-இல் எடுத்துக்காட்டினார். மயில்துத்தம் இந்த நண்பனையும் வயல் மீனையும் சேர்த்தே அழிக்கும். எதற்கும் அடங்காதபோது மட்டும், வேளாண் அலுவலர் சொல்லும் அளவில், சாக்கில் கட்டி மடைவாயில் வைக்கலாம். அந்த நீரை வாய்க்காலில் விடலாகாது. பயிர் தூர் கட்டி நிழல் விழுந்தால் பாசி தானே ஒடுங்கும்.