வண்டிப்பேட்டை யாருக்கு? நாலு பேர் கூட ஒரு கூரை வேண்டும்!



சம்பா பயிருக்குக் காப்பீடு கட்ட வழக்கமாக நவம்பர் 15 கெடு. அந்த வாரம் பூராவும் சுத்துப்பட்டுக் கிராமத்துச் சனம் நம்ம டவுனுக்குத்தான் ஓடி வருகிறது. கையில் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை. மேலே ஐப்பசி மழை. ஃபாரத்தைச் சைக்கிள் சீட்டில் வைத்து எழுதுகிறோம். மழை வலுத்தால் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறோம். "வியாபாரத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் அதுவும் போச்சு. கைப்பிள்ளையோடு வந்த பெண்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஊருக்கே சோறு போடுகிறவனுக்கு இந்த ஊரில் குந்த ஒரு திண்ணை இல்லை!

இது ஒரு நாள் கூத்தல்ல. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் முறை வைப்பது பற்றிப் பேச வேண்டும். அறுப்பு வந்தால் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் என்று நெல்லைத் தள்ளி வைப்பது பற்றிப் பேச வேண்டும். எங்கே பேசுவது? டீக்கடை பெஞ்சில் நாலு பேர் பேசலாம், நாற்பது பேர் பேச முடியுமா?

அதனால்தான் வண்டிப்பேட்டைப் புறம்போக்கில் ஒரு சமுதாயக்கூடம் கட்டு என்று கேட்கிறோம்.

வண்டிப்பேட்டை நமக்குப் புதுசா? நெல் மூட்டை ஏற்றி வந்த வண்டிகளை அவிழ்த்து விட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்ற இடம். நெல் விலையும், நடவு கூலியும், வாய்க்கால் வெட்டும் நம் அப்பன் பாட்டன் அங்கேதான் பேசி முடித்தார்கள். வண்டி போய் டிராக்டர் வந்தது. பேட்டையில் கருவேல முள்ளும் குப்பையும் மண்டியது. இப்போது அங்கே கடைகள் கட்டி வாடகைக்கு விடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கேட்டால், "பேரூராட்சிக்கு வருமானம் வேண்டாமா?" என்கிறார்கள். வருமானம் வேண்டியதுதான். ஆனால் ஊரில் மிச்சம் இருக்கும் ஒரே பொது இடத்தையும் கடைக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மக்கள் எங்கே நிற்பார்கள்?

"அதான் கல்யாண மண்டபம் இருக்கே" என்கிறார்கள் சிலர். இருக்கிறது. ஒரு மாவில் விளைந்ததை விற்றால்தான் ஒரு நாள் வாடகை கட்ட முடியும். அதுவும் எந்த மண்டபம் எந்தச் சாதிக்காரருக்கு என்பது ஊருக்கே தெரியும். விவசாயக் கூலித் தொழிலாளி வீட்டு வளைகாப்புக்கு அந்தக் கதவு திறக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நமக்குள்ளேயே சிலர், "எல்லாரும் ஒரே கூடத்தில் எப்படிங்க?" என்று முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. அவர்களுக்கும் சொல்கிறோம். வெள்ளம் வந்தால் எல்லார் வயலும்தான் மூழ்குகிறது. 1997-ல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் 100 வீடுகளோடு சமுதாயக்கூடத்தையும் சேர்த்தே கட்டினார்கள். பல சாதியும் ஒன்றாகக் குடியிருக்க, ஒன்றாகக் கூட ஓர் இடமும் வேண்டும் என்பதுதான் காரணம். எல்லாருக்கும் திறக்காத கதவு நமக்கு வேண்டவே வேண்டாம்.

கூடிப் பேசாமல் இந்த மண்ணில் எந்த உரிமை வந்தது? 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் மேலேயிருந்து விழுந்த வரமல்ல. சேரியிலும் களத்து மேட்டிலும் ராத்திரி ராத்திரியாகக் கூடியவர்கள் வாங்கியது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து 2013-ல் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து பேசியபோது மரத்தடியில் கூடிக் கேட்டோம். பின்னால் 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமானது. மரத்தடியில் கூடியே இவ்வளவு செய்தோம். ஆனால் மழைக்காலத்தில் மரத்தடி உதவாது. நம் பிரச்சினை முக்கால்வாசி வருவதும் மழைக்காலத்தில்தான்!

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை மறக்க முடியுமா? தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் முடங்கிக் கிடந்தோம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்றால் நாம் கிளம்ப வேண்டும். ஊருக்கென்று உறுதியான ஒரு காங்கிரீட் கூடம் இருந்திருந்தால் அங்கேயே அடுப்பு மூட்டியிருப்போம்.

"குளம் தூர் வாரவே காசில்லை, கூடம் எதுக்கு?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. நம்மிடம் பணம் குறைவாக இருக்கலாம், மனசு குறைவில்லை. வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் தர முடியாதா? குளத்தைத் தூர் வாரச் சொல்லிக் கேட்கவும் முதலில் நாம் ஓரிடத்தில் கூட வேண்டுமே!

இன்னொன்றும் பச்சையாகச் சொல்லி விடுகிறோம். பல ஊர்களில் சமுதாயக்கூடம் கட்டி, திறப்பு விழாக் கல்வெட்டும் வைத்து, பிறகு பூட்டிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வௌவால். சாவி யாரிடம் என்றால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். அல்லது ஏலத்தில் குத்தகைக்கு விட்டு, அதையும் வாடகை மண்டபமாக்கி விடுகிறார்கள். அப்படிப்பட்ட கூடத்துக்காக நாம் தெருவில் இறங்கவில்லை. காலையில் விவசாயிக்கு விண்ணப்பம் எழுத மேசை, பகலில் பெண்கள் குழுக் கூட்டம், சாயங்காலம் பிள்ளைகள் படிக்க விளக்கு, பத்திரிகை, ராத்திரியில் வாலிபர்கள் நாடகம் ஒத்திகை பார்க்க இடம். இப்படி தினசரி ஆள் நடமாட்டம் உள்ள கூடமே நமக்கு வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. வண்டிப்பேட்டைப் புறம்போக்கைக் கடைகளுக்கு விடாதே! சமுதாயக்கூடத்துக்கு ஒதுக்கி மன்றத்தில் தீர்மானம் போடு!

2. புயல், வெள்ளத்தைத் தாங்கும் கட்டடம், சமையல் கொட்டகை, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, முன்னால் நெல் காய வைக்கச் சிமெண்டுக் களம் கட்டு!

3. எந்தச் சாதி, எந்த மதம் ஆனாலும் ஒரே கட்டணம். பொதுக் கூட்டத்துக்குக் கட்டணமே கூடாது!

4. விவசாயி, விவசாயத் தொழிலாளி, பெண்கள், இளைஞர் அடங்கிய குழுவிடம் சாவியைக் கொடு! வரவு செலவைச் சுவரில் எழுதிப் போடு!

இது யாரிடமும் கையேந்துகிற பிச்சையல்ல. நாம் கட்டும் வரியில், நமக்குச் சொந்தமான மண்ணில், நம் பிள்ளைகளுக்காகக் கேட்கும் உரிமை.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பேரூராட்சி அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். நடவு வேலை இருக்கும், தெரியும். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். குடை எடுத்து வாருங்கள், ஏனென்றால் அன்றைக்கும் நமக்குக் கூரை இல்லை. அடுத்த மழைக்காவது இருக்கட்டும்!

அணி திரள்வோம்! வண்டிப்பேட்டையை மீட்போம்!